எண்பத்தைந்து, எண்பத்து நான்கு

தக்கலையில் டயர்க் கடைக்கு மேல் மாடி.
உள்ளூர் சேனலுக்கு அதுதான் ஸ்டூடியோ.
ஏசி இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று
அணைத்துவிட்டார்கள்.
பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான்.
எழுத்துப் பிழை விடமாட்டான் என்ற ஒரே தகுதியில்
தலையணைப் பருமன் அகராதியோடு
நடுவர் மேசையில் உட்கார்த்திவைத்தார்கள்.

இந்தப் பக்கம் ரெக்ஸ்லின், குறும்பனை.
குளச்சல் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
அந்தப் பக்கம் பத்மதாஸ்,
பேச்சிப்பாறை வண்டிக் கண்டக்டர்.
லீவு போட்டு வந்தும்
தோல்பை தொங்கும் தோள் மட்டும்
வேலையில் இருப்பதுபோல் சரிந்திருந்தது.

எழுபத்து நான்கு அவளுக்கு.
எழுபத்திரண்டு அவனுக்கு.

கடைசி எண் சுற்று:
நூறு, இருபத்தைந்து, எட்டு, ஏழு, நாலு, இரண்டு.
வரவேண்டியது எண்ணூற்று நாற்பத்தேழு.
முப்பது விநாடி.
கடிகாரத்தைப் பார்க்காமல்
இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நூறும் இருவத்தஞ்சும் ஏறின வண்டி சார்.
நாலு பேரு பாஸ்.
பாக்கி ஆளுக்கு ஏழு ரூவா டிக்கெட்."

"எட்டுப் பெட்டி மீனு, பெட்டி நூறு.
ஏத்துகூலி இருவத்தஞ்சு.
ஏழும் நாலும் பதினொண்ணு, அத ரெட்டிச்சா
கணக்கு முடிஞ்சு."

இரண்டும் சரி. ஆளுக்குப் பத்து.
கேமராப் பையன் தன்னை மறந்து விசிலடித்தான்;
அதை வெட்டிவிட்டுத் தொடர்ந்தார்கள்.

கடைசி எழுத்துச் சுற்று:
க, தி, ல், ர, வு, ம, ப, டி, ண்.

"பதிவு" என்றான் பத்மதாஸ். மூன்று.
அவள் சீட்டில் எதையோ அடித்தாள்.
"கரமடி" என்றாள். நான்கு.
"கரையில நிண்ணு வலிக்கிற வலை" என்று
எனக்கு விளக்கமும் சொன்னாள்,
நான் தெரியாதவன்போல் முகத்தை வைத்திருந்ததால்.

பக்கம் புரட்டினேன்.
கரமஞ்சரி இருந்தது. நாயுருவியாம்.
நாற்பத்தாறு வயதுக்குள் நாயுருவியை
அப்படி ஒரு ஆள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.
அதற்கடுத்த வரி வேறெங்கோ தாவியது.
கரைவலை இருந்தது;
பலகையில் ரை இல்லை.

நூலில் இல்லையெனில் சொல் இல்லை,
நடுவர் தீர்ப்பே இறுதியானது:
போட்டியாளர் கையெழுத்திட்ட தாளில்
அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நானே.
மத்தியானம் என்ன கூட்டிச் சோறு தின்றேன் என்று
யாரும் கேட்கவில்லை.

"இல்லை" என்றேன்.

எண்பத்தைந்து, எண்பத்து நான்கு.

சீட்டைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள் ரெக்ஸ்லின்.
அடித்த கோட்டுக்குக் கீழே
அவள் கையெழுத்திலும் பதிவு.
"மூணெழுத்துதானேண்ணு வெட்டிட்டேன்."
குக்கர் பெட்டியை இடுப்பில் வைத்து இறங்கிப் போனாள்.
மிக்ஸியோடு நின்ற பத்மதாஸ்
ஷூ லேசைக் கட்டுகிறவன்போல் குனிந்து சொன்னான்:
"எனக்கே தெரியும் சார் அந்த வலை."

பதினோரு நாள் கழித்து
ஞாயிறு காலை ஒளிபரப்பு.
அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள் சுஜாகுமாரி.
எழுத்துகள் பலகையில் விழுந்து முடிக்கவில்லை,
"கரண்டி" என்றாள்.

க. ர. ண். டி.
இருந்தது.
மூன்று பேர், ஒரு அகராதி,
அபிஷா என்ற தொகுப்பாளினி, கேமராப் பையன்,
அத்தனை பேர் கண்ணிலும் படாமல்
முப்பது விநாடி நடுப்பலகையில் இருந்திருக்கிறது.
"இதுகூடவா தெரியல்ல?" என்றாள்.
அவள் கையில் குழம்பு சொட்டும் சாட்சி.

திரையில் நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.
தெருமுனையில் ஸ்கூட்டர் ஹாரன்,
பிறகு அந்தப் பழகிய குரல்:
"கரமடி நெத்தோலீ...
கரமடி நெத்தோலியே..."

கரண்டியை என் கையில் திணித்துவிட்டு
சட்டியோடு வெளியே ஓடினாள்.

டிவியில் அந்த மனிதன்
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
மிகத் தெளிவான உச்சரிப்பில் சொன்னான்,
அப்படி ஒரு சொல் இல்லை என்று.
வாசலில் அவள்
கிலோ எவ்வளவு என்று
அதற்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.